கையுறை போடாத கை

மணிச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குச் சாமி ஞாபகம் வரும், எனக்குச் செய்துகொண்டிருக்கிற வேலை கையோடு நின்றுவிடும். கோயில் மணி இல்லை. தேக்கா கடைத்தெருவில் பூஜைச் சாமான் விற்கிற கடையில் வாங்கின, கட்டைவிரல் அளவுப் பித்தளை மணி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நாய் பல்லால் இழுத்தால் பதறிப் பதறி அடிக்கிற மணி. நேற்று சாயங்காலம்கூடக் கீழ்வீட்டில் யாரோ விளக்கேற்றி மணி ஆட்டினார்கள், நான் அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதற்குப் பதிலாக என் காலில் ஊற்றிக்கொண்டு நின்றேன். சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் ஓரக்கண்ணால் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, செத்தவர் வந்து நின்றார் என்கிற பேச்செல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. ஏழாம் மாதத்தில், ஆவிகள் உலாவுகிற மாதம் என்று, எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே சீனர்கள் முன்னோர்களுக்குத் தாள் எரிக்கும்போது மற்றவர்கள் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் நாயைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடப்பேன், சாம்பலை மிதிக்காமல் நடப்பேன், அது மரியாதை, பயம் இல்லை. என் பிழைப்பு அப்படி. நான் நம்புவது மூக்கை. மனிதனுடைய மூக்கை இல்லை, நாயுடைய மூக்கை.

நான் நாய் பழக்குகிறவள். கண் தெரியாதவர்களை ரோடு கடத்துகிற நாய் இல்லை, உடம்புக்குள் வரப்போகிற ஆபத்தை முன்னாடியே சொல்கிற நாய். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வேர்வையில் ஒரு வாசனை மாறும், நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். அப்படி இறங்குகிற நேரத்தில் அவர்களுடைய வேர்வையைப் பஞ்சில் துடைத்து, குட்டிப் புட்டியில் அடைத்து, உறையவைத்துக்கொள்வோம். என் வீட்டு ஃபிரீசரில் ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் மனிதர்களின் பயம். அந்தப் பஞ்சை ஒரு டின்னில் வைத்து, வெறும் பஞ்சு வைத்த டின்களோடு வரிசையாக அடுக்கி, நாய் சரியான டின்னில் மூக்கை வைத்தால் கோழித்துண்டு. மாதக்கணக்கில் இதே விளையாட்டு. பிறகு அந்த வாசனை வந்தால் முழங்காலை இடிக்க வேண்டும், ஆள் அசையாவிட்டால் மணியை இழுக்க வேண்டும் என்று பழக்குவோம். ஒரு கண்டிப்பான விதி உண்டு: சர்க்கரை இறங்காமல் நாய் சும்மா எச்சரித்தால் திட்டக்கூடாது, தடவிக் கொடுக்கவும் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பொய்க்கு முகம் கொடுத்தால் நாய் கெட்டுப்போகும்.

தேவகி தேக்காவில் பூக்கடை வைத்திருக்கிறாள். கடை என்றால் அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை, தலைக்கு மேலே தொங்கும் மாலைகள், காலடியில் ஐஸ் போட்ட வாளிகள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, ஊசி இல்லாமல் ஒரு நாள் கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை, சர்க்கரை இறங்குவது அவளுக்கே தெரியாமல் போனது. மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வருடக்கணக்காக இறங்கி ஏறி, இறங்கி ஏறி, அவள் உடம்பு அந்த எச்சரிக்கையையெல்லாம் மறந்துவிட்டது. சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், பேசிக்கொண்டே சரிவாள். கையில் ஒட்டுகிற சென்சார் அவள் தோலுக்கு ஒத்துவரவில்லை, ஒட்டின இடமெல்லாம் புண். அதனால்தான் நாய்.

அவள் கணவர் முருகேசனுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் இரவு வேலை. பகலில் தூங்கி எழுந்து, சாயங்காலம் கடைக்கு வந்து, அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வேலைக்குக் கிளம்புகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பூ வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள், இன்னும் புது மாப்பிள்ளையா என்று. அவர் பார்த்தது நெற்றியை. அங்கே வேர்வை அரும்பினால் உள்ளங்கையால், இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு இனிப்புத் தண்ணீரை நீட்டுவார். அவள் மறுபேச்சில்லாமல் குடிப்பாள். எந்த நாயும் அந்த மனிதரை விட வேகம் கிடையாது, நானே சொல்கிறேன்.

நாயின் பெயர் சுண்டல். பூன் லே தொழிற்பேட்டையில் ஒரு கன்டெய்னருக்கு அடியில் பிடிபட்ட தெருநாய்க் குட்டி, நிறமும் உருவமும் அவித்த கடலை மாதிரி, முருகேசன் வைத்த பெயர். அதற்குப் பஞ்சு எடுத்துக் கொடுக்கிற பொறுப்பும் அவருடையது. பஞ்சைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கிறவரின் கை வாசனையும் அதில் ஏறிவிடும், நாய் இரண்டையும் சேர்த்துப் படித்துவிடும். ஒரு பெட்டிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், சொந்தப் பொண்டாட்டி நெத்தியத் தொட கையுறையா? நான் என்ன மீனா வெட்டப் போறேன்?”

“அண்ணே, விளையாடாதீங்க. நாய் குழம்பிடும்.”

“சரி லா, சரி லா. போட்டுக்கிறேன்.”

“அவரு போட மாட்டாருக்கா,” என்றாள் தேவகி, மாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கல்யாணத்தன்னிக்கு மோதிரம் போடவே மூணு பேரு பிடிச்சாங்க.”

புட்டிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. சுண்டல் மாதிரி ஒரு நாயை நான் பார்த்ததில்லை, டின்னைத் திறப்பதற்கு முன்னாடியே போய் உட்காரும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பழகட்டும் என்று அதைத் தேவகி வீட்டிலேயே விட்டுவைத்தேன்.

பிறகு ஒரு காலையில், இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த முருகேசன் ஜன்னலில் சாய்ந்து தூங்கினார். எல்லாரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். அவர் உட்கார்ந்த பக்கம் வெயில் விழுந்திருந்ததாம், கன்னம் சூடாகத்தான் இருந்ததாம், அதனால் எழுப்பப் போனவர் வெகுநேரம் எழுப்பிக்கொண்டே இருந்தாராம்.

அன்றோடு சுண்டலும் நின்றுவிட்டது. வீட்டில் இருக்கிறது, சாப்பிடுகிறது, தேவகி காலடியில் படுத்திருக்கிறது. அவளுக்குச் சர்க்கரை இறங்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. துக்கம் என்று நினைத்தேன், நாய்க்கும் உண்டு அது. ஆனால் ஒரு நாள் அவள் மகன் கதிர் தெம்பனிஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து எதேச்சையாக வந்தபோது, தேவகி சமையலறைத் தரையில் கண் திறந்தபடி கிடந்திருக்கிறாள், சுண்டல் பக்கத்தில் தலையைப் பாதத்தில் வைத்துப் படுத்திருக்கிறது. கதிர் நல்ல பையன். அவன் என்னிடம் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

“ஆன்ட்டி, டாக் டெஸ்ட்ல பாஸ் ஆச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். தீபாவளி வரைக்கும் பாக்குறேன். ஆகலைன்னா கடைய குடுத்துட்டு அம்மா என்கூட வந்துடணும். அப்பாவ அனுப்பியாச்சு, இன்னொரு தடவ என்னால முடியாது.”

அவன் போனபிறகு தேவகி ஊசிமல்லியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள், “தெம்பனிஸ் போனா நான் நோயாளிக்கா. இங்க நான் பூக்காரி.”

நான் கடையில் கூடவே உட்கார்ந்தேன். மணிக்கொரு தரம் அவள் விரலைக் குத்திப் பார்த்து, இறங்குகிற நேரமாகப் பார்த்து, கையுறை போட்டு, புதுப் பஞ்சு எடுத்தேன். வீட்டில் டின்களை அடுக்கினேன். நான் எடுத்த பஞ்சைச் சுண்டல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு யோசனையில், ஃபிரீசரின் அடியில் கிடந்த முருகேசனின் பழைய புட்டி ஒன்றை வைத்தேன். உடனே போய் உட்கார்ந்தது, வாலை ஆட்டியது, மூக்கை டின்னிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, ஆனாலும் தேவகி வீட்டுக்குப் போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்தேன். கையுறைப் பெட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடக் கிழியவில்லை.

அந்த மனிதர் ஒரு தடவையும் போடவில்லை. வெறும் கையால்தான் துடைத்துக் கொடுத்திருக்கிறார். சுண்டல் படித்த ஆபத்து, தேவகியின் வேர்வையோடு முருகேசனின் உள்ளங்கையும் சேர்ந்தது. கை இல்லாத வேர்வை அதற்கு வெறும் தேவகி, அவ்வளவுதான். முதலிலிருந்து பழக்க வேண்டும், மாதங்கள் ஆகும், தீபாவளியோ தெருவுக்குத் தெரு விளக்குக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைச் சொல்லத்தான் போனேன், நாயைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் அத்தனை பேரும் அங்கேதான், அதில் தீபாவளிக் கூட்டம் வேறு, முறுக்கு வாசனை, அத்தர் வாசனை, மழை பெய்து ஓய்ந்த சாக்கடை வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே மல்லிகை. விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். கதிரும் வந்திருந்தான், கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். தேவகி மாலை கட்டிக்கொண்டே, “இன்னும் ஒரே வாரம் குடுங்கக்கா” என்றாள். கொஞ்சம் முன்னாடிதான் குத்திப் பார்த்தோம், சர்க்கரை நன்றாக இருந்தது, ஊசி போட்டு இட்லியும் சாப்பிட்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சிவப்பு ஸ்டூல். யாரும் அதில் உட்காருவதில்லை, எடுத்துப் போடவும் இல்லை.

மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த சுண்டல் தலையைத் தூக்கியது.

நாய்க்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் கண்ணைப் பார்ப்பது. அதனால் நாய் எங்கே பார்க்கிறது என்பதில் எனக்குத் தவறு வராது, உட்கார்ந்திருக்கிற ஆளின் கண் எந்த உயரம், நிற்கிற ஆளின் கண் எந்த உயரம் என்று என் உடம்புக்கே தெரியும். சுண்டல் ஸ்டூலைப் பார்க்கவில்லை. ஸ்டூலுக்கு மேலே, உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது. வால் தரையைத் தட்டியது. பிறகு அதன் பார்வை மெதுவாக மேலே ஏறியது, யாரோ முட்டியில் கையை ஊன்றி எழுந்திருக்கிற வேகத்தில். பக்கவாட்டில் நகர்ந்தது. தேவகியின் பின்னால் போய் நின்றது.

அப்புறம் பாய்ந்தது. அவள் முழங்காலை இடித்தது, மறுபடி இடித்தது, மேசைக்காலில் கட்டியிருந்த மணியைப் பிடித்து இழுத்தது. டிங் டிங் டிங் என்று விடாமல். ரோட்டில் போன ஒரு பையன் பூஜை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான், நம்பினால் நம்புங்கள்.

“ஏய் சுண்டல், எனக்கு ஒண்ணுமில்லடா,” என்று சிரித்தாள் தேவகி.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதி அதுதான், பொய் எச்சரிக்கைக்கு முகம் கொடுக்கக்கூடாது. கதிர், “இதுக்குத்தான் ஆன்ட்டி சொன்னேன்” என்றான். நாய் கேட்கவில்லை. மணிக்கயிறு வாயில், கண் மட்டும் அவள் தலைக்கு மேலே, அதில் கெஞ்சல் இல்லை, உத்தரவு வாங்கிக்கொள்கிற பார்வை. அதற்கு மேல் என்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பித் தேவகியின் கையைப் பார்த்தேன். விரல்கள் பூவை வைத்து நாரைச் சுற்றிக்கொண்டிருந்தன, பூவே இல்லாமல் நாரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

விரலைக் குத்தினோம். மீட்டரைப் பார்த்த கதிர் “அம்மா” என்று மட்டும்தான் சொன்னான். அவ்வளவு கீழே போயிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அத்தனை கூட்டத்தின் நடுவில் யாருக்கும் தெரியாமல் பூ வாளிகளுக்குள் சரிந்திருப்பாள். அவன் இனிப்புத் தண்ணீரைப் புகட்டினான். நான் பழக்கத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு பஞ்சை எடுத்தேன். புதுப் பெட்டி, என் பையிலிருந்து அப்போதுதான் பிரித்தது.

அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்வை, மேலுதட்டில் வேர்வை, ரவிக்கை நனைந்துவிட்டது. நெற்றி மட்டும் காய்ந்திருந்தது. முழு நெற்றியும் இல்லை. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, இடமிருந்து வலமாக ஒரு பட்டை, ஈரத்தின் நடுவில் துடைத்துவிட்ட மாதிரி. பொட்டுகூட வலப்பக்கம் லேசாக இழுபட்டிருந்தது. நீ துடைத்தாயா என்று கதிரைக் கேட்டேன். “இல்ல ஆன்ட்டி, நான் பாட்டிலத்தான பிடிச்சிட்டிருந்தேன்.” அந்தப் பட்டையின் ஓரத்தில் மிச்சமிருந்த ஈரத்தைப் பஞ்சில் ஒற்றிப் புட்டியில் போட்டு மூடினேன்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். தேவகியே புறங்கையால் துடைத்திருப்பாள், நினைவில்லாமல். சரி. சுண்டல் கடைசியில் தானாகவே பாடத்தைப் பிடித்துக்கொண்டது. அதுவும் சரி, அன்றைக்கு ராத்திரி நானும் இதையெல்லாம் சொல்லித்தான் என்னைத் தூங்கவைத்தேன். மறுநாள் சுண்டலை என் வீட்டுக்குக் கூட்டிவந்து டின்களை அடுக்கினேன். முன்னாடி நான் கடையில் எடுத்த பஞ்சுகள், அதே தேவகி, அதே கையுறை, அதே கை. இரண்டு வெறும் பஞ்சு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சு. சுண்டல் வரிசையாக முகர்ந்துகொண்டு வந்தது. ஒன்றிலும் நிற்கவில்லை. கடைசி டின்னில் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. முருகேசனின் பழைய புட்டிக்கு ஆட்டின அதே ஆட்டம், முதுகே நெளிகிற ஆட்டம். டின்களை மாற்றி மாற்றி வைத்தேன், சமையலறைக்கும் கூடத்துக்கும் கொண்டுபோனேன், எங்கே வைத்தாலும் அந்தப் பஞ்சுதான்.

ஸ்டூலில் அவர் வாசனை ஒட்டியிருக்கும், அது அவள் மேல் பட்டிருக்கும் என்பீர்கள். அந்த ஸ்டூல் அத்தனை மாதமும் அங்கேயே இருந்தது, அதன் பக்கத்திலேயே அவளுக்குச் சர்க்கரை இறங்கினது, நாய் அசையவில்லை. அவருடைய துணிமணியா? கருமாதி முடிந்ததும் வேலைக்கு வந்த பையன்களுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த வாசலையெல்லாம் நானும் தட்டிப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சுண்டல் ஒரு தடவையும் தவறவில்லை. கடையில், வீட்டில், கோப்பிக்கடையில், டாக்ஸியில். ஒவ்வொரு தடவையும் முதலில் அவளுக்குப் பின்னால் பார்க்கும், பிறகுதான் மணி. நாயைப் பரிசோதிக்க வந்தவர்கள் மெச்சினார்கள். தீபாவளி வந்தது, போனது, கதிர் சொன்ன சொல் மாறவில்லை, அம்மா கடையை அம்மாவுக்கே விட்டான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். தேர்ச்சி என்று கையெழுத்துப் போட வேண்டியது நான். போட்டேன். ஆனால் இன்றுவரை எனக்குத் தெரியாது, யாருக்குத் தேர்ச்சி கொடுத்தேன் என்று. என் வீட்டு டின்களில் அந்தச் சுண்டல் கையுறைப் பஞ்சைக் கடைசி நாள்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் அது வேர்வையைப் படிக்கவே இல்லை. யாரோ சொல்கிறார்கள், அது மணி அடிக்கிறது. அந்த யாரோ ஒரு நாள் களைத்துப்போனால்? வராமல் போனால்? இந்தக் கேள்வியை எந்த டாக்டரிடம் கேட்பது, சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சு என் ஃபிரீசரில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை, திறக்கத் தைரியம் வரவில்லை, மீன் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் கை படாமல் எடுக்கிறேன்.

கடைசியாக நாயை ஒப்படைக்கப் போன அன்று எல்லாவற்றையும் தேவகியிடம் சொன்னேன். பஞ்சைப் பற்றி, டின்களைப் பற்றி, நெற்றியில் இருந்த பட்டையைப் பற்றி. கதிரிடம் சொல்லவில்லை. அவள் பயந்த மாதிரி தெரியவில்லை, அழவும் இல்லை, நடுவில் ஒரு தரம் எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை அதிகம்.

லிஃப்ட் வரைக்கும் வந்தாள், சுண்டலும் வந்தது. நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன், “நாய் சொன்னாலும் சொல்லாட்டியும் விரலைக் குத்திப் பாக்கணும், தேவகி. நேரத்துக்குப் பாக்கணும். இத மட்டும் நம்பி இருக்காத.”

“பாக்குறேன்க்கா.”

லிஃப்ட் வந்தது. உள்ளே போய் நின்றேன். அவள் அப்போதுதான் நினைவுக்கு வந்தவள் போல இடுப்பில் இடுக்கியிருந்ததை எடுத்து நீட்டினாள். கையுறைப் பெட்டி, பிளாஸ்டிக் கிழியாமல். சுண்டல் என்னைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது, வால் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

“இத நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க லா அக்கா,” என்றாள் தேவகி. “அவரு போட மாட்டாரு.”